கையடக்க ஃப்ரீக்வன்சி கவுண்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பக்கத்தில் எங்கோ ஒரு டிரான்ஸ்மிட்டர் இயங்குகிறது. அது எந்த அதிர்வெண்ணில் என்பதைக் கையில் உள்ள கருவி சட்டென்று காட்டிவிட வேண்டும். கையடக்க ஃப்ரீக்வன்சி கவுண்டர் வாங்குவோரின் எதிர்பார்ப்பு இதுதான். அது ஏன் பாதி நேரம் பொய்க்கிறது என்று கேட்டுத்தான் இம்முறை பெரும்பாலான கேள்விகள் வந்துள்ளன. பதிலுக்குள் போகுமுன் ஒரு விஷயம்: கவுண்டர் ஒரு ரேடியோ ரிசீவர் அல்ல. அதற்குள் டியூனிங் கிடையாது. ஆன்டெனாவில் வரும் மின்னழுத்தம் குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகிறது, அவ்வளவே. சந்தை இரைச்சலில் ஓங்கிக் கத்துபவர் குரல் மட்டும் காதில் விழுவது போல, வந்து சேரும் அலைகளில் எது மிக வலுவானதோ அதன் எண் மட்டும் திரையில் வரும்.

கேள்வி: புதுக் கவுண்டரை ஆன் செய்ததும், பக்கத்தில் எந்த டிரான்ஸ்மிட்டரும் இல்லாமலே எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. கவுண்டரின் நுழைவாயிலில் பெருக்கம் மிக அதிகமான ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், அதையடுத்து பிரீஸ்கேலர் என்ற வகுக்கும் சிப் ஒன்றும் இருக்கும். உள்ளே சிக்னல் எதுவும் வராதபோது இந்தச் சிப் தானாகவே அலைவுறத் தொடங்கிவிடும். நீங்கள் பார்ப்பது அந்தச் சுய அலைவின் எண்ணிக்கையைத்தான். ஆன்டெனாவைத் தொட்டால் மாறும், கையை அருகில் கொண்டுபோனாலே மாறும். போதிய வலுவுள்ள சிக்னல் வந்ததும் சுய அலைவு அடங்கி, எண் அப்படியே நின்றுவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு வாக்கி டாக்கியைக் குறைந்த பவரில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து, பேசாமல் பட்டனை மட்டும் அழுத்துங்கள். கடைசி ஓரிரு இலக்கங்கள் தவிர மற்றவை அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எந்த இன்புட்டில் ஆன்டெனாவை மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல கருவிகளில் இரண்டு இன்புட் உண்டு: ஒன்று 1 மெகாஓம், சில பத்து மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பயன்படும், மற்றது 50 ஓம், அதற்கு மேலே உள்ளவற்றுக்கு. புதிதாக வாங்கியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

'ஃபில்டர்' என்று ஒரு பட்டன் இருந்தால் அதை எப்போதும் ஆன் நிலையிலேயே வைத்திருங்கள். அடுத்தடுத்த எண்ணிக்கைகள் ஒத்துப்போனால்தான் திரையில் காட்டு என்ற கட்டளை அது. ஓடும் எண்கள் மறைந்து, நிற்கும் எண் மட்டும் வரும்.

கேள்வி: நூறு மீட்டருக்கு மேல் பிடிக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. எனக்கு முப்பது மீட்டரிலேயே தடுமாறுகிறது. கருவியில் குறையா, விளம்பரத்தில் பொய்யா?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5 வாட் வாக்கி டாக்கி என்றால் 37 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல் அளவு). 150 மெகாஹெர்ட்ஸில், தடையில்லாத வெளியில், 100 மீட்டருக்குள் அலை இழப்பது 56 டெசிபல். மிச்சம் மைனஸ் 19 டிபிஎம்; 50 ஓம் இன்புட்டில் இது சுமார் 25 மில்லிவோல்ட். இது இரண்டு பக்கமும் நல்ல ஆன்டெனா இருந்தால் கிடைக்கும் எண். வாக்கி டாக்கியின் ரப்பர் ஆன்டெனா 5 முதல் 10 டெசிபல் வரை தின்றுவிடும். உங்கள் கவுண்டரின் ஆன்டெனா அந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் கைக்கு வருவது ஐந்தாறு மில்லிவோல்ட்.

கையடக்கக் கவுண்டர்கள் எண்ணத் தொடங்க, நடு வரம்பில் 1 முதல் 10 மில்லிவோல்ட் வேண்டும். வரம்பின் உச்சியில், அதாவது 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், பல மடங்கு கூடுதலாக வேண்டும். ஆகவே வெட்டவெளியில் 100 மீட்டர் என்பது விளிம்பில் நிற்கும் கணக்கு. நடுவே ஒரு கான்கிரீட் சுவர் வந்தால் அதுவும் போச்சு.

ஆனால் உங்கள் முப்பது மீட்டர் தடுமாற்றத்துக்குக் காரணம் உணர்திறன் குறைவாக இருக்காது என்றே நினைக்கிறோம். சுற்றிலும் உள்ள எஃப்.எம்., டி.வி., மொபைல் டவர்கள் எல்லாம் சேர்ந்து உங்கள் ஆன்டெனாவில் பத்து இருபது மில்லிவோல்ட்டை எப்போதும் ஊற்றிக்கொண்டிருக்கலாம். நீங்கள் தேடும் சிக்னல் அந்தப் பின்னணியைவிட 10 முதல் 15 டெசிபல், அதாவது மின்னழுத்தத்தில் மூன்று முதல் ஐந்து மடங்கு, உயர்ந்து நின்றால்தான் எண் நிலைக்கும். அதே கருவியை ஊருக்கு வெளியே, டவர் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தூரம் தானாகக் கூடும்.

பல அதிர்வெண்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கும் ரிசீவரான ஸ்கேனரோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். ஸ்கேனருக்கு 0.3 மைக்ரோவோல்ட் போதும், ஏனென்றால் அது ஒரு நேரத்தில் சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் கேட்கிறது. கவுண்டரோ கிகாஹெர்ட்ஸ் கணக்கில் எல்லாவற்றையும் ஒரே வாயால் விழுங்குகிறது. எந்த அதிர்வெண் என்று முன்கூட்டித் தெரியாமலே கண்டுபிடிப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

கேள்வி: அருகில் எஃப்.எம். கோபுரம் இருக்கிறது. கவுண்டர் எப்போதும் அந்த நிலையத்தின் எண்ணையே காட்டுகிறது. பிரீஆம்ப்ளிஃபையர் சேர்த்தால் வாக்கி டாக்கி தெரியுமா?

பதில்: சேர்க்காதீர்கள். பிரீஆம்ப் எல்லா அலைகளையும் ஒரே அளவில் பெருக்கும். யார் பெரியவர் என்பது மாறாது. ஏற்கனவே வலுவானது இன்னும் வலுவாகி நுழைவாயிலைத் திணறடிக்கும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: வேண்டாததை அடக்குவது.

முதலில் ஆன்டெனாவைக் குறையுங்கள். கால் அலை நீளத்துக்கு 7500-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் சென்டிமீட்டரில் விடை வரும். நடைமுறையில் அதிலும் 5 சதவீதம் குறைவாக வையுங்கள். 450 மெகாஹெர்ட்ஸுக்கு 16 செ.மீ., 150-க்கு 47 செ.மீ., 900-க்கு 8 செ.மீ. 16 செ.மீ. கம்பி 3 மீட்டர் அலைநீளமுள்ள எஃப்.எம். அலையைச் சரியாகப் பிடிக்காது. எனவே 450-ஐச் சுற்றித் தேடுபவர்களுக்கு டெலஸ்கோப் ஆன்டெனாவை உள்ளே தள்ளுவதே பாதி வேலையை முடித்துவிடும். நீட்டினால் நன்றாகப் பிடிக்கும் என்று முழுவதும் இழுத்துவிட்டுத் தேடுவோர்தான் எஃப்.எம். எண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடினால் இந்த வித்தை போதாது, 47 செ.மீ. கம்பி எஃப்.எம்.முக்கும் ஓரளவு நல்ல ஆன்டெனாதான். அங்கே ஒரு கோஆக்ஸ் ஸ்டப், அதாவது கணக்காக நறுக்கிப் பக்கவாட்டில் மாட்டும் கேபிள் துண்டு, உதவும். ஒரு பி.என்.சி. டி கனெக்டர், ஒரு பி.என்.சி. பிளக், அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக ஆர்ஜி-58 கேபிள், இவ்வளவுதான் பொருட்கள். டி-யை கவுண்டரில் மாட்டி, அதன் ஒரு பக்கத்தில் ஆன்டெனா, மறு பக்கத்தில் கேபிள். கேபிளின் மறுமுனை திறந்தே இருக்க வேண்டும். உள் கம்பியும் வெளி வலையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கால் அலை நீளமுள்ள திறந்த கேபிள், அந்த அதிர்வெண்ணில் மட்டும் ஆன்டெனாவை ஷார்ட் செய்தது போல நடந்துகொள்ளும்.

நீளம்: 4950-ஐ அடக்க வேண்டிய நிலையத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 98 மெகாஹெர்ட்ஸுக்கு 50.5 செ.மீ. டி-யின் நடுப்புள்ளியிலிருந்து அளக்க வேண்டும், பிளக்கின் நீளமும் இதில் சேரும். மூன்று செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொண்டு, கவுண்டரில் எஃப்.எம். எண் தடுமாறி விழும்வரை சிறிது சிறிதாக நறுக்குங்கள். ஒரு செ.மீ. குறைத்தால் அடங்கும் இடம் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் மேலே போகும், எனவே கடைசியில் இரண்டு மூன்று மில்லிமீட்டராக நறுக்குவது நல்லது. 4950 என்ற எண், உள்ளே கெட்டியான பாலிஎத்திலீன் உள்ள, அலைவேகம் 0.66 கொண்ட கேபிளுக்கு மட்டும். ஃபோம் கேபிளில் வேகம் அதிகம். இதே கணக்கில் வெட்டினால் ஸ்டப் குட்டையாகி எஃப்.எம்.முக்கு மேலே எங்கோ போய் நிற்கும்.

நறுக்கிய இடத்தில் 25 முதல் 30 டெசிபல் அடக்கம் எதிர்பார்க்கலாம். 150 மெகாஹெர்ட்ஸில் உங்களுக்கு ஏற்படும் நட்டம் 1 டெசிபலுக்கும் குறைவு, 450-இல் ஒன்றரை. ஆனால் இந்தப் பள்ளம் குறுகலானது: 98-க்கு வெட்டிய ஸ்டப் 88-இல் இருக்கும் நிலையத்தை 10 டெசிபல்தான் அடக்கும். அதுபோல மும்மடங்கு அதிர்வெண்ணான 294-ஐயும் சேர்த்தே விழுங்கிவிடும். பட்டை முழுக்க வலுவான நிலையங்கள் உள்ள இடத்தில், 88 முதல் 108 வரை தடுக்கும் ரெடிமேட் எஃப்.எம். டிராப்தான் சரி.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: எஃப்.எம். அடங்கியதும் அடுத்த வலுவான அலை தலைகாட்டும். அது மொபைல் டவராக இருந்தால் எண் நிற்காமல் 800, 900 என்று அலையும்.

கேள்வி: கவுண்டர் 462.5619 என்று காட்டியது. அந்த எண்ணை ஸ்கேனரில் அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அப்படியே வேண்டாம். 12.5 கிலோஹெர்ட்ஸ் படிக்கட்டில் மிக அருகில் உள்ள படி 462.5625. வித்தியாசம் 600 ஹெர்ட்ஸ்தான். உங்கள் கருவியின் டைம்பேஸ், அதாவது உள்ளிருக்கும் கடிகாரம், ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தவறினாலே இந்த அதிர்வெண்ணில் 463 ஹெர்ட்ஸ் நகரும், டிரான்ஸ்மிட்டருக்கும் தன் பங்குக்குச் சிறு பிழை உண்டு. எனவே அந்தப் பகுதியில் நடைமுறையில் உள்ள சேனல் இடைவெளியைத் தெரிந்துகொண்டு, அருகிலுள்ள படிக்கு எடுத்துச் செல்வதே முறை.

பேசும்போது எடுத்த எண் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். எஃப்.எம். பேச்சு, கேரியர் என்ற அடிப்படை அலையை இருபுறமும் 2.5 அல்லது 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஆட்டும். கேட் டைம், அதாவது ஒவ்வொரு முறையும் எண்ணும் நேரம், குறைவாக இருந்தால் ஆட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக் காட்டிவிடும். பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தில் விழும் எண்தான் நல்ல எண்.

கேள்வி: ரிப்பீட்டர் வழியாகப் பேசும் ஒருவரின் அருகில் நின்று எண்ணைப் பிடித்தேன். ஸ்கேனரில் போட்டால் அவர் பேசுவது மட்டும் கேட்கிறது, பதில் சொல்பவர் கேட்பதில்லை.

பதில்: நீங்கள் பிடித்தது ரிப்பீட்டரின் இன்புட். கையில் உள்ள செட் அனுப்புவது ஒரு அதிர்வெண்ணில், ரிப்பீட்டர் திருப்பி ஒலிபரப்புவது வேறொன்றில். அந்த இரண்டாவது எண் வேண்டுமானால் ரிப்பீட்டர் நிற்கும் கட்டடத்தருகே கவுண்டரோடு போக வேண்டும், அல்லது அந்தப் பட்டையில் வழக்கமான இடைவெளியைக் கூட்டியோ கழித்தோ ஸ்கேனரில் தேட வேண்டும்.

கேள்வி: கேட் டைம் எவ்வளவு வைப்பது? ஒரு நொடி வைத்தால் இலக்கங்கள் அதிகம் வருகின்றன, ஆனால் எண் வருவதற்குள் பேச்சே முடிந்துவிடுகிறது.

பதில்: ஒரு நொடி எண்ணினால் 1 ஹெர்ட்ஸ் துல்லியம், 0.1 நொடி எண்ணினால் 10 ஹெர்ட்ஸ், 0.01 நொடியில் 100 ஹெர்ட்ஸ். இது நேரடியாக எண்ணும் இன்புட்டுக்கு. பிரீஸ்கேலர் 64-ஆல் வகுத்த பிறகு எண்ணினால் இவை எல்லாமே 64 மடங்கு மோசமாகும்: 0.1 நொடிக்கு 640 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் கருவி காட்டும் இலக்கங்கள் வெறும் அலங்காரம்.

மறைந்திருக்கும் அதிர்வெண்ணைத் தேடுவதற்கு 0.1 நொடி போதும், சேனல் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒரு நொடியும் பத்து நொடியும் சொந்த டிரான்ஸ்மிட்டரைச் சரிபார்ப்பதற்கு.

கேள்வி: டிஎம்ஆர் டிஜிட்டல் வாக்கி டாக்கியை 450 பக்கம் வைத்து அழுத்தினால் கவுண்டர் 220, 230 என்று ஏதேதோ காட்டுகிறது. அனலாகுக்கு மாற்றினால் சரியாக இருக்கிறது.

பதில்: டிஎம்ஆர் செட் 60 மில்லிசெகண்டில் 30 மில்லிசெகண்ட் மட்டும் அனுப்பும், அடுத்த பாதி மற்றவருக்கு. நீங்கள் 0.1 அல்லது 1 நொடி கேட் வைத்தால் அனுப்பும் நேரமும் சும்மா இருக்கும் நேரமும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. பாதி நேரம் அலை இல்லை, எனவே எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதி. சும்மா இருக்கும் இடைவெளியில் சுய அலைவு புகுந்துகொண்டால் அதுவும் சேர்ந்து எண் கண்டபடி அலையும்.

கேட்டை 10 மில்லிசெகண்டுக்குக் குறையுங்கள். அப்போதும் கேட் எப்போது திறக்கும் என்பது செட்டுக்குத் தெரியாது. அனுப்பும் துண்டுக்குள் கேட் முழுதாக விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. எனவே திரையில் வரும் எண்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிரீஸ்கேலர் உள்ள கருவியில் இந்த கேட்டுக்குத் துல்லியம் 6.4 கிலோஹெர்ட்ஸ்தான். 12.5 படியில் இரண்டு சேனல்களுக்கு நடுவே எது என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை. இரண்டையும் ரிசீவரில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

டிஎம்ஆர் ரிப்பீட்டர் இடைவிடாமல் அனுப்பும், அதை எண்ணுவதில் சிக்கல் இல்லை. டிஎம்ஆருக்கென்றே 'டிஜிட்டல்' முறை வைத்திருக்கும் புதிய கவுண்டர்கள், துண்டு தொடங்கியதை உணர்ந்த பிறகே கேட்டைத் திறக்கின்றன. டிஜிட்டல் செட்கள் உங்கள் வேலையில் அதிகம் என்றால் அந்த வசதிக்குக் கூடுதலாகச் செலவிடலாம்.

கேள்வி: என் 5 வாட் செட்டின் ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து கேபிள் போட்டு நேராகக் கவுண்டரில் மாட்டினால் மிகத் துல்லியமாக இருக்கும் அல்லவா?

பதில்: முதல் அழுத்தலிலேயே கவுண்டர் செத்துவிடும். 50 ஓமில் 5 வாட் என்றால் 15.8 வோல்ட். கையடக்கக் கவுண்டரின் 50 ஓம் இன்புட் தாங்குவது ஒன்று முதல் மூன்று வோல்ட், சிலவற்றில் அதற்கும் குறைவு. கருவியின் மீதோ கையேட்டிலோ உள்ள எண்ணைப் பாருங்கள். நுழைவாயில் டயோடுகளும் ஆம்ப்ளிஃபையரும் முதலில் போகும். அதன்பின் கருவி ஆன் ஆகும், எண்ணும் ஓடும், ஆனால் உணர்திறன் மட்டும் இருக்காது. 'சில மாதங்களில் மந்தமாகிவிட்டது' என்று வரும் கவுண்டர்களில் பலவற்றின் கதை இதுவாகவே இருக்கும்.

சரியான வழி: செட்டில் ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு, அதாவது பவரை வெப்பமாக விழுங்கும் ரெசிஸ்டர், மாட்டுங்கள். கவுண்டரின் பி.என்.சி.யில், நடு முள்ளுக்கும் உடலுக்கும் இடையே, உறை உள்ள கம்பியை இரண்டு செ.மீ. விட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிய ஒரு சிறு வளையத்தை இணையுங்கள். வளையத்தை லோடின் அருகே கொண்டுபோக, ஒழுகி வரும் அலையே எண்ணப் போதும். எண் நிலைத்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் நெருங்க வேண்டியதில்லை. கேபிள் வழியாகத்தான் வேண்டும் என்றால் சிக்னலைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டென்யுவேட்டர் போடுங்கள். 5 வாட் அரை மில்லிவாட்டாக, அதாவது மைனஸ் 3 டிபிஎம்மாக இறங்கும். ஆனால் அட்டென்யுவேட்டரின் முதல் பகுதி அந்த 5 வாட்டையும் வெப்பமாக விழுங்கியாக வேண்டும். கால் வாட் ரெசிஸ்டரில் கட்டிய அட்டென்யுவேட்டர் கருகும். கருகித் திறந்துகொண்டால் பரவாயில்லை, நேராகக் கடத்திவிட்டால் கவுண்டரும் கூடவே போகும்.

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸ் செட்டை அருகில் வைத்தால் சில சமயம் 290 என்று காட்டுகிறது. இரண்டாம் ஹார்மானிக் (இரு மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வரும் அலை) அவ்வளவு வலுவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. செட் மிக அருகில் இருப்பதால் கவுண்டரின் நுழைவாயிலே அலையைச் சிதைத்து, ஒரு சுற்றை இரண்டாக எண்ணுகிறது. குட்டை ஆன்டெனா வேறு இருந்தால் அது அடிப்படை அலையைவிட மேல் அலைகளை நன்றாகப் பிடிக்கும். இரண்டு மீட்டர் பின்னால் போங்கள் அல்லது செட்டின் பவரைக் குறையுங்கள். எண் 145-க்குத் திரும்பினால் செட்டில் குற்றமில்லை. மடங்காக வந்தால் சிக்னல் அதிகம். உண்மையைவிடக் குறைவாக வந்து ஆடினால் சிக்னல் போதவில்லை. திரையைப் பார்த்தே முன்னால் போவதா பின்னால் வருவதா என்று முடிவெடுக்கலாம்.

கேள்வி: அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதோ என்று சந்தேகம். கவுண்டரை வைத்து எப்படித் தேடுவது?

பதில்: முதலில் அறையை அமைதிப்படுத்துங்கள். உங்கள் மொபைல்கள் வெளியே போக வேண்டும். வைஃபை ரவுட்டர், கார்ட்லெஸ் போன், எல்.இ.டி. விளக்குகள், சார்ஜர்கள் எல்லாம் ஆஃப். பிறகு வெளியே, வாசலருகே நின்று கவுண்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அங்கே நிலையாக வரும் எண் ஊர்ப் பின்னணி, அறைக்குள்ளும் அதே எண் வந்தால் பதற வேண்டியதில்லை.

அறைக்குள் ஒரு ரேடியோவையோ பேச்சையோ இடைவிடாமல் ஒலிக்க விடுங்கள். ஒலி வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. ஆன்டெனாவைக் கையளவுக்குக் குறைத்துக்கொண்டு சுவர், பிளக் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கடிகாரம், விளக்கின் அடிப்பகுதி, மேசையின் கீழ்ப்புறம் ஆகியவற்றை 15 முதல் 30 செ.மீ. தூரத்தில் மெதுவாகத் தடவுவது போல நகர்த்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஆன்டெனாவை ஒருமுறை நிமிர்த்தியும் ஒருமுறை படுக்க வைத்தும் பாருங்கள். ஒளித்து வைத்த கம்பி கிடக்கும் திசைக்குக் குறுக்கே பிடித்தால் சிக்னல் பெருமளவு குறைந்துவிடும்.

ஏன் இவ்வளவு நெருக்கம்? 10 மில்லிவாட் கருவி 430 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டரில் தருவது 40 மில்லிவோல்ட், ஐந்து மீட்டரில் 8. அதுவும் நல்ல ஆன்டெனா இருந்தால். அறையின் நடுவில் நின்றுகொண்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட முடியாது. ஒரே எண் பல முறை தொடர்ந்து வந்து, நெருங்க நெருங்க சிக்னல் பட்டையும் ஏறினால் அதை எழுதிக்கொண்டு, ஒரு ரிசீவரில் போட்டுக் கேளுங்கள். அறையில் ஓடும் ஒலியே திரும்பக் கேட்டாலோ, ரிசீவர் 'வீ' என்று ஊளையிட்டாலோ சந்தேகத்துக்கு இடமில்லை. கண்டுபிடித்ததைப் பிடுங்காமல், படமெடுத்துக் காவல் துறையிடம் விட்டுவிடுவதே நல்லது.

இனி முக்கியமான எச்சரிக்கை. எதுவும் கிடைக்கவில்லை என்றால் அறை சுத்தம் என்று அர்த்தமில்லை. உள்ளேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளும் ரெக்கார்டர் எந்த அலையையும் விடாது. மொபைல் நெட்வொர்க் வழியாக இயங்குவது அழைப்பு வந்தால்தான் பேசும். வைஃபை கேமராவைக் கவுண்டர் நிலையாக எண்ணாது. மின் கம்பி வழியாகவே ஒலியைக் கடத்துபவையும் உண்டு. அவற்றைத் தேடுகிறேன் என்று கவுண்டரை மின் இணைப்பில் மாட்டிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. கவுண்டர் நன்றாகப் பிடிப்பது ஓயாமல் அனுப்பும் பழைய பாணி எஃப்.எம். ஒட்டுக்கேட்பான்களைத்தான்.

கேள்வி: கவுண்டரின் துல்லியத்தை நானே சரிசெய்யலாமா? பின்னால் ஒரு சிறு துளை இருக்கிறது.

பதில்: நம்பகமான ஆதாரம் கையில் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் துளையைத் தொடாதீர்கள். ஆதாரம் என்றால் ஜிபிஎஸ்-ஆல் கட்டுப்படுத்தப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் அல்லது ரூபிடியம் அணுக் கடிகாரம். கவுண்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடு நிலைத்த பின், 10 நொடி கேட்டில் 10 மெகாஹெர்ட்ஸை எண்ணச் செய்யுங்கள். 0.1 ஹெர்ட்ஸ் வரை தெரியும், அதாவது நூறில் ஒரு பங்கு பிபிஎம். எண் கூடுதலாக வந்தால் உங்கள் டைம்பேஸ் மெதுவாக ஓடுகிறது. கேட் நேரம் நீண்டு அதிகமாக எண்ணிவிடுகிறது. பிளாஸ்டிக் அல்லது செராமிக் முனைத் திருப்புளியால் துளைக்குள் உள்ள டிரிம்மர் என்ற திருகைத் துளித்துளியாகத் திருப்புங்கள். இரும்புத் திருப்புளி முனை தானே கெப்பாசிட்டன்ஸைச் சேர்த்துவிடும். சரியாக வைத்துவிட்டு வெளியே எடுத்ததும் எண் நகர்ந்துவிடும்.

சிலர் கவுண்டரின் 10 மெகாஹெர்ட்ஸ் அவுட்புட்டையே அதன் இன்புட்டில் கொடுத்து, சரியாக 10.000000 வருகிறது என்று மகிழ்கிறார்கள். தன் கைக்கடிகாரத்தைத் தானே சாட்சியாக வைத்த கதைதான். எவ்வளவு தவறான டைம்பேஸும் தன்னைத்தானே எண்ணினால் பிசகாது.

கேள்வி: பிடித்த எண்ணுக்கு ரிசீவர் தானாகவே டியூன் ஆகும் கருவிகள் உண்டாமே?

பதில்: உண்டு. 1990-களில் ஆப்டோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஸ்கவுட் இதில் பெயர் வாங்கியது. பிடித்த அதிர்வெண்ணை நினைவில் வைத்து, கேபிள் வழியாக ஐகாம், ஏஓஆர் ரிசீவர்கள் சிலவற்றை அந்த இடத்துக்கு உடனே நகர்த்தும். 'ரியாக்‌ஷன் டியூன்' என்று அதற்குப் பெயர். பின்னர் இந்த வேலை ஸ்கேனருக்குள்ளேயே புகுந்துவிட்டது: யூனிடெனில் 'க்ளோஸ் கால்', ரேடியோஷாக் மாடல்களில் 'சிக்னல் ஸ்டாக்கர்'. எந்தப் பட்டையில் தேட வேண்டும் என்று அவற்றில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், எனவே எஃப்.எம். கோபுரத்தின் தொல்லை பாதி குறைகிறது.

இன்று புதிதாக ஒன்று வாங்குவதென்றால், தேடுவதற்காக மட்டும் கவுண்டர் வாங்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டைனிஎஸ்ஏ போன்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரோ, லேப்டாப்போடு ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆரோ (மென்பொருளால் இயங்கும் சிறு யூ.எஸ்.பி. ரிசீவர்), பல சிக்னல்களை ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகக் காட்டும். வலுவானது மற்றதை மறைத்துவிடாது. கவுண்டர் இன்னும் ஜெயிக்கும் இடம் ஒன்று: எங்கே பார்ப்பது என்றே தெரியாதபோது, எதிரே நிற்பவர் இரண்டு நொடி பேசி நிறுத்துவதற்குள் எண்ணைப் பிடிக்க வேண்டும் என்றால் ஸ்பெக்ட்ரம் முழுவதையும் அலசிவர அனலைசருக்கு நேரம் போதாது. பிடித்த எண்ணில் மற்றவர் பேச்சைக் கேட்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். உங்கள் இடத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் சாவி ரிமோட்டில் 433.92 என்று போட்டிருக்கிறது. கவுண்டர் 200-க்கும் 400-க்கும் நடுவே ஆடுகிறது. ரிமோட் கெட்டுவிட்டதா?

பதில்: ரிமோட் கேரியரை விட்டு விட்டு அனுப்பியே தகவலைச் சொல்கிறது. கவுண்டர் அந்த இடைவெளிகளையும் சேர்த்து எண்ணுகிறது, எனவே எப்போதும் குறைவாகத்தான் வரும். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இது போதும், அதிர்வெண் சரியா என்று பார்க்க எஸ்டிஆர் வேண்டும்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டின் அதிர்வெண்ணைக் கவுண்டரால் காண முடியுமா?

பதில்: முடியாது. 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை வரை தாவுகிறது. கேட் திறந்து மூடுவதற்குள் அது பல வீடு மாறியிருக்கும்.